கும்மிடிப்பூண்டிக்கு வந்த ட்ரினிடாட்

அந்த அக்கா எங்கள் கம்பெனிக்குள் நுழைந்ததும் செய்த முதல் காரியம், வரிசையாக நின்ற இரும்பு டிரம்களில் ஒன்றைக் கவிழ்த்து அதன் அடித்தகட்டை விரல் முட்டியால் தட்டியதுதான். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். பக்கத்து டிரம்மையும் தட்டினார். அதற்கடுத்ததையும் தட்டினார். மேனேஜர் முகம் மாறிவிட்டது. வெளிநாட்டிலிருந்து மெஷின் மாட்ட வந்தவர், வந்ததும் வராததுமாக நம் சரக்கில் குறை கண்டுபிடிக்கிறாரோ என்று பயந்துவிட்டார்.

அக்காவோ சிரித்தார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். ஆங்கிலம்தான், ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் கடைசியில் ஊஞ்சல் மாதிரி மேலே ஏறி நின்றது. முதல் நாள் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்தது இவ்வளவுதான்: "இதில் எத்தனை பாட்டு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?"

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எண்ணெயும் ரசாயனமும் அடைக்கிற பெரிய டிரம்களைச் செய்யும் கம்பெனி எங்களுடையது. டிரம்முக்குள் காற்றை அடைத்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, எங்கேயாவது குமிழி வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. டிப்ளமோ படித்தவள், ஆங்கிலம் சமாளிப்பாள் என்று அந்த அக்காவோடு என்னைச் சேர்த்துவிட்டார்கள். புது வெல்டிங் மெஷினை மாட்டி ஓட்டிக் காட்ட அவர் வந்திருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நல்ல உயரம், நல்ல கறுப்பு, நரைத்த முடியைச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் பின்னி ஹெல்மெட்டுக்குள் செருகியிருப்பார். மெஷின் மாட்ட ஒரு பெண் வருவாள் என்று யாருமே நினைக்கவில்லை. எங்கள் பிரிவுப் பெண்கள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அவரைப் பார்க்க வந்தார்கள்.

ஊர் ட்ரினிடாட் என்றார். எங்களுக்கு அது மண்டையில் ஏறவில்லை. பிரஸ் மெஷின் ஓட்டுகிற அண்ணனுக்கு மட்டும் ஏறியது. தடாவைத் தாண்டி ஆந்திரப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிறவர் அவர். கிரிக்கெட் என்றால் சோறு வேண்டாம்.

"வெஸ்ட் இண்டீஸும்மா! வெஸ்ட் இண்டீஸ் நாட்டுக்காரங்க!" என்று கத்தினார்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பலமாகச் சிரித்தார். "அப்படி ஒரு நாடே கிடையாது. கடலில் சிதறிக் கிடக்கிற தீவுகள் நாங்கள். ஒரு தீவுக்காரனுக்கு இன்னொரு தீவுக்காரனைக் கண்டால் ஆகாது. கிரிக்கெட் ஆடும்போது மட்டும்தான் நாங்கள் ஒரு நாடு" என்றார். அண்ணனுக்கு அதைச் சொன்னேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இத்தனை வருடமாக இல்லாத நாட்டுக்காகக் கைதட்டியிருக்கிறார்.

மெஷினுக்கு வேண்டிய ஒரு பாகம் கன்டெய்னரோடு துறைமுகத்தில் நின்றுபோனது. அது வரும்வரை அக்காவுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அப்போதுதான் தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். ஒரு மைதானம் நிறைய ஆட்கள். ஒவ்வொருவர் முன்னாலும் எங்கள் கம்பெனி டிரம் மாதிரியே டிரம், ஆனால் பாதியாக வெட்டப்பட்டு, அடித்தகடு கிண்ணம்போலக் குழிந்து, பளபளவென்று இருந்தது. ரப்பர் சுற்றிய குச்சியால் அதைத் தட்டுகிறார்கள். வந்த சத்தம் இரும்புச் சத்தமே இல்லை. கோயில் மணியும் மழைத் தண்ணீரும் கலந்தமாதிரி ஒரு சத்தம். 

"இன்னாமா இது? நம்ம டிரம்மா?" என்றார் அண்ணன்.

"ஆமாம்ணா. அதே டிரம்மாம்."

"நானும் இத்தினி வருசமா அடிச்சிகினு கீறேன். ஒரு நாள் கூட பாடலியே!"

அவர்கள் ஊரில் அதைப் பான் என்பார்களாம். அக்காவின் அப்பா பான் செய்து சுருதி சேர்ப்பவராம். "நான் அவர் அளவுக்குச் செய்யமாட்டேன். பாதிதான் தெரியும். ஆனால் இத்தனை டிரம் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தால் என் அப்பா கல்லறையிலிருந்து எழுந்து வந்து திட்டுவார்" என்றார்.

மேனேஜரிடம் நான்தான் போய்க் கேட்டேன். தரத்தில் தேறாத டிரம் ஒன்று வேண்டும் என்றேன். எதற்கு என்றார். பாட்டுக்கு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் அக்காவின் வீடியோவை அவரும் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். "ஆயுத பூஜைக்குள்ள முடிப்பீங்களா?" என்று கேட்டார். ஷிப்ட் முடிந்த பிறகு ஸ்கிராப் யார்டுக்குப் பின்னால் செய்துகொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். எங்கள் வீடு காலனியில் சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவில். நைனா ஸ்டீல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா விடிந்ததிலிருந்து இறால் தொக்கு, மீன் குழம்பு என்று அடுப்பை விட்டு நகரவில்லை. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கொல்லைப்பக்கம் போய்விட்டார். போனவர் கத்தினார். பாம்போ என்று ஓடினோம்.

கறிவேப்பிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கரபிலே!" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். "இன்னாடி சொல்லுது? கருவாப்பிலைன்னா சொல்லுது?"

"கரபிலே, கரபிலே" என்று அக்கா ஒரு கொத்தைப் பறித்து மூக்கில் வைத்துக்கொண்டார். அவர் ஊரில் அதற்கு அதுதான் பெயராம். யாருக்கும் ஏன் என்று தெரியாதாம். ஆப்பிரிக்கக்காரர், சீனர், சிரியாக்காரர், யாராயிருந்தாலும் மீன் குழம்புக்கு கரபிலே போடுவார்களாம்.  வெள்ளைக்காரன் காலத்தில் அந்தத் தீவுக்குக் கரும்பு வெட்ட மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறிய யாரோ ஒருத்தி, எந்தச் சமையலறையிலோ நின்று வாயால் சொன்ன சொல். சொன்னவள் போய்விட்டாள். சொல் அங்கே வேறு வேறு வாய்களில் குழம்போடு கொதித்துக்கொண்டிருக்கிறது.

"உங்க குடும்பத்துல தமிழ் ஆளுங்க உண்டா?" என்று கேட்டேன்.

தோளைக் குலுக்கினார். அப்பா வழி ஆப்பிரிக்கா, அடிமையாகப் பிடித்து வந்தவர்கள். அம்மாவின் அப்பா சீனக் கடைக்காரர். அம்மாவின் அம்மா பாதி இந்தியா, ஆனால் இந்தியாவில் எங்கே என்று தெரியாது. "எங்கள் தீவில் யாரையாவது பிடித்துக் கேட்டால் நாலு கண்டம் வரும். எனக்கு இந்தக் குழம்பு போதும்" என்று உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். கையால்தான் சாப்பிட்டார். அம்மா மூன்றாவது தடவை சோறு வைத்தபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிலேயே அம்மா விழுந்துவிட்டார்.

அங்கே ஒரு சர்ச்சில் கறுப்பு மாதா இருக்கிறாராம். இந்துக்களும் வந்து அரிசியும் எண்ணெயும் வைத்துக் கும்பிடுவார்களாம், பிள்ளைக்கு முதல் மொட்டை அங்கேதான் போடுவார்களாம். அம்மா தொடையில் தட்டினார். "ஐயோ, நம்ம வேளாங்கண்ணி மாதிரியே கீது பாரேன்!"

 டிரம்மில் எப்படிப் பாட்டு வந்தது என்று கேட்கச் சொன்னார் நைனா. கேட்டேன். அக்கா சாப்பிட்டுக்கொண்டே கதை சொன்னார். அடிமைத்தனம் ஒழிந்த பிறகு மக்கள் திருவிழா நாளில் தெருவில் இறங்கித் தோல் மேளம் அடித்தார்கள். வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு அந்தச் சத்தம் பயம். தோல் மேளத்தைத் தடை செய்தது. ஜனங்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு அதற்கும் தடை வந்தது. பிஸ்கட் டப்பா, பெயிண்ட் டப்பா, குப்பைத் தொட்டி மூடி என்று கையில் கிடைத்ததை அடித்தார்கள். அடித்து அடித்து, தகடு குழிந்த இடத்தில் சுரம் மாறுவதை யாரோ கவனித்தார்கள். உலகப் போரில் அமெரிக்கக்காரன் வந்து எண்ணெய் டிரம்மை மலை மலையாகப் போட்டுவிட்டுப் போனான். அதில் பிறந்ததுதான் பான்.

நான் சொல்லி முடித்ததும் நைனா எழுந்து நின்றுவிட்டார்.

"அடிக்காதன்னு சட்டமா? அங்க, அடிக்காதன்னா சட்டம் போட்டான்?"

"ஆமா நைனா."

"இங்க அடிறான்னு சட்டம்! ஜுரத்துல படுத்துகினு இருந்தாலும் ஊருல எழவுன்னா ஆளு வரும், வந்து அடிறான்னு. மாட்டேன்னா உதை. எங்கப்பனுக்கு அந்த உதை தெரியும், எனக்கும் தெரியும். அதை அந்தம்மாக்குச் சொல்லு."

சொன்னேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. வயல் வேலையை விட்டு மில்லுக்கும் கம்பெனிக்கும் போக ஆரம்பித்த காலத்தில், இனிமேல் யார் சாவுக்கும் பறை அடிப்பதில்லை என்று காலனியே கூடி முடிவெடுத்தது. நைனா அன்றைக்குத் தன் மேளத்தை எரித்தார். அதற்குப்பின் தொட்டதே இல்லை. ஆனால் அதை ஒரு அந்நியருக்கு ஆங்கிலத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆக, அங்கே எங்கள் மேளத்தைப் பிடுங்கினார்கள். இங்கே உங்கள் கழுத்தில் மாட்டினார்கள்."

நைனா அதைத் தமிழில் கேட்டுவிட்டு, யாரும் எதிர்பாராதபடி, சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். உலகத்தின் அந்தக் கோடியில் தன் கதையைத் திருப்பிப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்ற ஆச்சரியம் அவருக்கு.

அம்மா சும்மா இருக்கவில்லை. "எழவுக்கு மட்டுமா அடிச்ச? ஆரணில எங்க அம்மா ஊட்டுப் பக்கம் கூழு ஊத்துறப்போ வந்து அடிச்சியே. அந்த அடிய கேட்டுத்தான் உன்னக் கட்டிக்கினேன். நீ பாட்டுக்கு எரிச்சிட்ட. என்ன ஒரு வார்த்தை கேட்டியா?"

 இப்படி ஒரு குறை அம்மாவுக்கு இருப்பது எனக்கும் அன்றுதான் தெரியும். அக்காவுக்கு மொழிபெயர்த்ததும் அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எச்சில் கையும் எச்சில் கையுமாக இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் வேலை ஆரம்பித்தது. டிரம்மைக் கவிழ்த்து, அடித்தகட்டைச் சம்மட்டியால் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி அடித்துக் கிண்ணமாக இறக்க வேண்டும். பிரஸ் அண்ணன்தான் அடித்தார். உற்சாகத்தில் கொஞ்சம் பலமாகவே அடித்துவிட்டார். சர்ரென்று தகடு கிழிந்தது. அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பேஜாராப் பூட்சே!" அக்கா அவர் முதுகைத் தட்டி, தன் அப்பா கிழித்த டிரம்களை வைத்தே ஒரு வீடு கட்டியிருக்கலாம் என்றார். மேனேஜரிடம் இன்னொரு டிரம் கேட்கப் போனேன். இந்தமுறை அவரே தடித்த தகடாகப் பார்த்துப் பொறுக்கித் தந்தார்.

இரண்டாவது டிரம் குழிந்தது. அக்கா சாக்பீஸால் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வட்டம் வரைந்தார். பஞ்ச் என்கிற இரும்பு உளியை வைத்து அந்தக் கோட்டின்மேல் வரிசையாகத் தட்டிப் பள்ளம் போட்டோம். எனக்கும் சுத்தியைக் கொடுத்தார். கட்டிங் வீலால் பக்கவாட்டை அறுத்து, சரக்கு அடுக்குகிற உடைந்த பேலட் கட்டைகளை எரித்துத் தகட்டைச் சூடுகாட்டினோம். அப்புறம் சின்ன சுத்தியால் மேலேயும் கீழேயும் தட்டித் தட்டிச் சுருதி. போனில் ஒரு ஆப் வைத்துக்கொண்டு அக்கா ஒவ்வொரு வட்டத்தோடும் சண்டை போட்டார். சில வட்டங்கள் சீக்கிரம் வழிக்கு வந்தன. ஒன்று மட்டும் கடைசிவரை தகர டப்பாவாகவே இருந்தது. அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அது எனக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதல் சுரம் சரியாக விழுந்த சாயங்காலத்தை என்னால் மறக்க முடியாது. பிங் என்று ஒரு சத்தம். ஸ்கிராப் குவியல் நடுவில், லாரிப் புகை நடுவில், அது தனியாக எழுந்து நின்றது. நான் குதித்தேன். நிஜமாகவே குதித்தேன். பிரஸ் அண்ணன் ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்கப் போனவர் திரும்பி ஓடிவந்தார்.

என்னைக் கூட்டிப்போக மொபெட்டில் வரும் நைனா கேட் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் அக்கா கூப்பிட்டுக் குச்சியை நீட்டினார். நைனா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு வேணாம்னு சொல்லு. கேக்கறதுக்கு நல்லாத்தான் கீது." அக்கா வற்புறுத்தவில்லை. ஆனால் வழியில் மொபெட்டை ஓட்டிக்கொண்டே நைனா கேட்டார்: "அங்க பொம்பளைங்களும் அடிப்பாங்களா?"

மறுநாள் அக்காவிடம் கேட்டேன். இப்போது எல்லாரும் அடிக்கிறார்கள் என்றார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது பான் அடிக்கிற இடத்துக்குப் பெண் போனால் கெட்டவள் என்பார்களாம். அடிக்கிற ஆண்களையே ரௌடி என்றுதான் சொல்வார்களாம். போலீஸ் துரத்துமாம். இன்றைக்கு அதே பான்தான் நாட்டுக்கே பெருமை, பள்ளிக்கூடத்தில் கற்றுத்தருகிறார்கள். "யார் துரத்தினார்களோ அவர்களே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள்" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களையெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தோம். குடும்பத்தோடு வரலாம் என்பதால் அம்மாவும் நைனாவும் வந்திருந்தார்கள். பொரியும் சுண்டலும் கைக்குக் கை போயின. புது மெஷினுக்குப் பக்கத்தில் பான் டிரம்மையும் ஸ்டாண்டில் மாட்டி, யாரோ அதற்கும் பொட்டு வைத்துவிட்டார்கள். அக்கா வாசித்தார். அவர் ஊர்த் திருவிழாப் பாட்டு, கேட்டால் கால் நிற்காது. ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகள் முதலில் ஆடினார்கள். அப்புறம் பிரஸ் அண்ணன். அப்புறம் மேனேஜர் கைக்குட்டையைச் சுழற்றினார்.

பாட்டு முடிந்ததும் அக்கா குச்சியை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா நைனாவைப் பார்த்தார். கேட்பதற்காகப் பார்க்கவில்லை, அது எனக்குத் தெரியும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். இரண்டு குச்சியையும் வாங்கிக்கொண்டு அடித்தார். சுரம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆனால் தாளம் தெரிந்தது. கூழ் ஊற்றுகிற நாளில் கேட்ட அதே அடி. எங்கள் வீட்டுப் பெண் எவளும் கையில் எடுக்காத அடி. அது பானில் இறங்கியதும் வேறொன்றாகிவிட்டது. மணி மணியாகச் சிதறியது. அக்கா கண்ணை அகல விரித்து, பக்கத்தில் கிடந்த வெறும் டிரம்மில் அதற்குத் துணைத்தாளம் போட்டார். எங்கள் பிரிவுப் பெண்கள் குலவையிட்டார்கள். நைனா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் வலது கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

அக்கா அந்த வாரம் மெஷினை ஓட்டிக்காட்டிவிட்டுக் கிளம்பினார். பான் டிரம்மை எங்களிடமே விட்டுவிட்டார். மேனேஜரிடம் சொல்லி அதை சர்ச்சுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவும் நானும் எங்கள் பிரிவுப் பெண்கள் சிலரும் சாயங்காலம் கூடி, வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைப் பிடித்தோம்.

டிசம்பரில் கேரல்ஸ் போகிறவர்கள் வழக்கமாக எங்கள் காலனியோடு திரும்பிவிடுவார்கள். இந்தமுறை பான் டிரம்மை மினி லாரியில் ஏற்றியதும் அம்மா, "ஊருக்குள்ள போலாம்" என்றார். நெல் வயல் வைத்திருக்கிறவர்கள் குடியிருக்கிற தெரு அது. நைனா மேளத்தோடு அந்தத் தெருவுக்குள் போனதெல்லாம் சாவுக்குத்தான்.  நைனா மொபெட்டை ஸ்டார்ட் செய்து, "போங்க, நான் பின்னால வரேன்" என்றார்.

விளக்கு வைத்த நேரம். தெருமுனையில் நிறுத்தி வாசித்தோம். ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பெரிய வீட்டுக்காரர் ஒருவர் நைனாவிடம், "இன்னாய்யா இது?" என்றார்.

"ட்ரினிடாட்" என்றார் நைனா. அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் விளக்கவில்லை.

அந்த வீட்டு மருமகள் படியிறங்கி வந்து, "இன்னொரு தபா அடிங்கக்கா" என்றாள். அடித்தோம். முடிந்ததும் அவள் கண் குச்சியின் மேலேயே இருந்தது. அம்மா அதை நீட்டினார். அவள் வீட்டுப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். தட்டினாள். சத்தம் வந்ததும் பயந்து சிரித்தாள், மறுபடி தட்டினாள். பெரிய வீட்டுக்காரர் தடுக்கவில்லை. உள்ளேயும் போகவில்லை.

நான் வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அங்கே அப்போது காலை. நைனாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து நான் சர்ச்சுக்குத் திரும்புவதற்குள் குரல் பதிவாகப் பதில் வந்துவிட்டது. முதலில் பேச்சே இல்லை, வெறும் கத்தல். பின்னால் இன்னும் யார் யாரோ கத்துகிறார்கள். அதற்குப்பின் மூச்சு வாங்கிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்லுது?" என்று நைனா மொபெட்டை நிறுத்தாமலே கேட்டார்.

"ஒரு பான் பத்தாதாம். அடித்தொண்டை மாதிரி கனமான சத்தத்துக்குன்னு தனியா செய்யணுமாம். அதுக்கு ஆறு டிரம் வேணுமாம்."

"ஆறா!" என்றார் அம்மா லாரிக்கு மேலிருந்து. "எங்கடி வைக்கிறது?"

"கொல்லையில வைக்கலாம்" என்றார் நைனா.